எங்கள் வீட்டு வாசலில் ஏறிய புயல் கூண்டு

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலு தென்னை, ஒரு வலைக் குடிசை, அவ்வளவுதான். சாயங்காலம் ஜன்னலைத் துடைத்துவிட்டுக் காலையில் விரலால் தொட்டு நக்கிப் பாருங்கள், உப்பு கரிக்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் துபாய் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். யாரோ ஒருத்தர் வீட்டு முகப்பு நீலமாகிறது, ஊதாவாகிறது, போனைத் தொட்டால் பச்சை. "கொழுந்தியா கல்யாணத்துக்கு நம்ம வீடும் இப்படி மின்னணும் மாப்ள" என்றார். சரி என்று ஆன்லைனில் 4 கலர் பல்பு வாங்கினேன். 1 கோடியே 60 லட்சம் நிறம் காட்டும் என்று போட்டிருந்தது. அம்மாவுக்குத் தெரிந்ததே பதினைந்து நிறம், அதில் பாதி புடவைக் கடையில் கற்றது.

பல்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும் என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சேர்த்த பிறகு, விளக்கு வைக்கிற நேரம் முடிந்ததும் கரண்டை மிச்சம் பிடிக்க அப்பா சுவிட்சையே அணைத்துவிடுவார். சுவிட்ச் அணைந்தால் ஸ்மார்ட் பல்பும் வெறும் பல்புதான், போனில் எத்தனை தட்டினாலும் அசையாது.

ஆனால் கூத்து நடந்தது ஆடி மாதத்தில், அப்பா சுவிட்சை அணைக்க மறந்த ஒரு நாள். கச்சான் காற்று அடிக்க, ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் நாலு தடவை போய்ப் போய் வந்தது. இந்த மாதிரி பல்புகள் பலவற்றில் வேகமாக அணைத்து அணைத்துப் போடுவதுதான் புதிதாக வைஃபையில் சேர்ப்பதற்கான சைகை. மின்வாரியம் சைகை காட்டியது என்று நினைத்து மாடியில் இருந்த பல்பு எல்லாவற்றையும் மறந்து வெள்ளையில் கண் சிமிட்ட, அதற்கு நேர் கீழே கேட் தூணில் இருந்தது சிவப்பிலேயே நின்றுவிட்டது. நான் நல்ல தூக்கம்.

பக்கத்து வீட்டுத் தாத்தா டார்ச்சோடு வந்து கேட்டை உலுக்கினார். நாற்பது வருஷம் கடலில் கிடந்தவர். பாம்பன் துறைமுகத்தில் பகலில் கூண்டு ஏற்றுவார்கள், ராத்திரியில் அதற்குப் பதில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு போடுவார்கள், அந்தப் பழக்கம்.

"ஏப்பா, எத்தனாம் நம்பர் ஏத்தியிருக்காக?"

நான் திருதிருவென்று முழித்தேன். "நம்பரா? கலர் பல்பு தாத்தா."

"எம் மவன் நாட்டுப்படகுல டீசல் ஊத்திக்கிட்டு இருந்தான், போன் போட்டு நிறுத்திப்புட்டேன். பாம்பனுக்குப் போன் போட்டா, இங்க ஒண்ணும் ஏத்தலையேங்கிறான்!"

காலையில் எலெக்ட்ரீஷியன் தம்பி பல்பைக் கழற்றிக் காட்டினான். பித்தளை முனை முழுக்கப் பச்சைக் களிம்பு, ஹோல்டர் உள்ளே சீனிப் பொடி மாதிரி உப்பு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தவும் என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. நிறத்தை எண்ணினவன் இதைப் படிக்கவில்லை.

அடுத்த தடவை நிறத்தைக் கேட்கவே இல்லை. ஐபி65 என்று போட்டிருக்கிறதா பார்த்தேன்: முதல் எண் தூசி புகாது என்பதற்கு, இரண்டாவது தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்பதற்கு. உப்பைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது, அதனால் தகர உடம்பு வேண்டாம் என்று பிளாஸ்டிக் உடம்பு, 316 ரக ஸ்டீல் திருகு. 304 ரக ஸ்டீல் எங்கள் காற்றுக்குக் கொஞ்ச நாளில் துருப் பொட்டு வைத்துக்கொள்ளும். வெள்ளைக்குத் தனி எல்.இ.டி. இருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று நிறத்தைக் குழப்பி ஒரு நீலம் பாய்ந்த வெள்ளை தரும், மணப்பெண் காய்ச்சல்காரி மாதிரி இருப்பாள். கரண்ட் வந்ததும் பழைய நிறத்துக்கே திரும்பும் வசதியும் முக்கியம். வயரைக் கீழாக ஒரு வளைவு விட்டுத்தான் தம்பி மேலே ஏற்றினான், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அப்பாவின் சுவிட்ச் மேல் டேப் ஒட்டியாயிற்று.

கல்யாணத்தன்று வீடு முழுக்க மஞ்சள் வெளிச்சம். தாத்தா பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு எறக்கிட்டாகளா? அப்ப மவனப் போகச் சொல்லலாம்."