விவரம் சொல்லாமலும் சிகிச்சை எடுக்கலாம்

சிறுவயதில் எனக்கு நடந்த பாலியல் வன்முறைக்காக நான் தெரபிக்குப் போனபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அத்தனை வருடம் தள்ளிப்போனதற்கு வெட்கம், குடும்பம் என்று பல காரணங்கள் உண்டு. பெரிய காரணம், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம். அப்படிச் சொல்லாமலும் சிகிச்சை எடுக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யார், எப்படி என்பதை இங்கேயும் சொல்லப்போவதில்லை. வீட்டில் எல்லோரும் நம்பிய ஒரு ஆள், அவ்வளவுதான். குழந்தைகளிடம் இப்படி நடந்துகொள்பவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்களே.

நான் முதலில் போனது உளவியலாளரிடம் அல்ல. படபடப்பு, தூக்கமின்மை என்று பொது மருத்துவரிடம் போனேன். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது. அவர் ஃபைலை மூடிவைத்துவிட்டு, "சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ட்ராமா (மனதில் ஆறாமல் தங்கிவிட்ட அதிர்ச்சி) சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒரு தெரபிஸ்டிடம் அனுப்பினார். அந்தக் கேள்வியை எல்லா மருத்துவர்களும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அங்கே முதலில் கொடுத்தது ஒரு படிவம். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கேட்டதெல்லாம் கடந்த ஒரு மாதத்தைப் பற்றி: கெட்ட கனவு வருகிறதா, சட்டென்று திடுக்கிடுகிறீர்களா, நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா, உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா. மொத்தம் 30-ஐத் தாண்டினால் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனநலப் பாதிப்பு, இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரிப்பார்கள். மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. நான் நன்றாகவே தாண்டியிருந்தேன். தற்கொலை எண்ணம் உண்டா, குடிக்கிறீர்களா, வீட்டில் இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று தெரபிஸ்ட் தனியாகக் கேட்டார். அவற்றில் பிரச்சினை இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

அப்புறம் மூன்று வழிகளை விளக்கினார். ஒன்றில் அந்த நினைவைத் திரும்பத் திரும்ப விவரித்து அதன் வீரியத்தைக் குறைப்பார்கள். ஈஎம்டிஆர் என்பதில் நினைவை மனதில் வைத்துக்கொண்டு, அசையும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். அதில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது குறைவு. மூன்றாவது சிபிடி. நடந்ததைப் பற்றி நமக்குள் ஊறிப்போன எண்ணங்களைக் கேள்வி கேட்டுச் சோதிக்கும் முறை. பாட்ரிசியா ரெசிக் என்ற உளவியலாளர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்காக உருவாக்கியது. வழக்கமாக 12 செஷன். ஆரம்பத்தில் அதிலும் நடந்ததை விரிவாக எழுதச் சொன்னார்கள். 2008-இல் ரெசிக் குழு வெளியிட்ட ஆய்வில், அந்த எழுத்துப் பகுதி இல்லாமலும் சிகிச்சை அதே அளவுக்குப் பலன் தருகிறது என்று தெரிந்தது. இதைக் கேட்டதும் வேறு யோசனையே வரவில்லை. சிபிடி என்று சொல்லிவிட்டேன்.

முதல் வீட்டுப்பாடம் ஒரு பக்கம் எழுதுவது. 'இது ஏன் நடந்தது என்று நினைக்கிறீர்கள், அதற்குப் பிறகு உங்களைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் என்ன நம்புகிறீர்கள்?' நான் எழுதியதில் ஒரு வரியைச் சுற்றித்தான் பாதி சிகிச்சை நடந்தது: 'நான் கத்தவில்லை, அதனால் எனக்கும் பங்கு உண்டு.'

அவர் அதை மறுத்துப் பேசவில்லை. "உங்க தப்பு இல்லை" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. (சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.) கேள்விதான் கேட்டார். கத்தினால் யார் வந்திருப்பார்கள்? வந்தவர்கள் யாரை நம்பியிருப்பார்கள்? அந்த வயதில் உங்களுக்கு என்ன தெரியும்? பதிலை வொர்க்‌ஷீட்டில் எழுதி, அடுத்த வாரம் அதன் மேல் இன்னொரு கேள்வி. ஸ்டாக்ஹோமில் ஒரு அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வைப் பற்றியும் சொன்னார். பாலியல் தாக்குதலின்போது உடல் அசைய முடியாமல் உறைந்துபோனதாக அவர்களில் 70 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அது பயத்தில் உடல் தானாகச் செய்வது, சம்மதமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. அவர்கள் வளர்ந்தவர்கள், நான் சிறுவன். அந்த வரியை என் கையாலேயே அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

நடுவில் சில வாரங்கள் படுமோசம். கனவுகள் அதிகமாயின, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். இப்படி வரும் என்று முன்பே எச்சரித்திருந்ததால்தான் நிறுத்தாமல் போனேன்.

எவ்வளவு பேருக்கு இது நடக்கிறது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெண்களில் ஐந்தில் ஒருவரும் ஆண்களில் ஏழில் ஒருவரும் 18 வயதுக்குள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொல்கிறார்கள். சொன்னவர்களை மட்டும் வைத்துத்தான் இந்தக் கணக்கு. ஆண்களின் எண்ணிக்கையைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலைவிடக் கோபம்தான் வந்தது. இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூட வாய் திறந்து நான் கேட்டதில்லை.

பாதிப்பு உடலுக்கும் போகும். சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடை குறைக்கும் திட்டம் ஒன்றை நடத்தினார். நன்றாக எடை குறைந்தவர்களே பாதியில் விலகுவதைக் கண்டு விசாரித்தபோது, பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பிறகு ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வின் முதல் அறிக்கை 1998-இல் வந்தது. சிறுவயதில் நான்கு வகையோ அதற்கு மேலோ துயரங்களைச் சந்தித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், அப்படி எதையும் சந்திக்காதவர்களோடு ஒப்பிட்டால், 4 முதல் 12 மடங்கு. இதைப் படித்துவிட்டு நான் ஒரு வாரம் சுருண்டு கிடந்தேன். தனி மனிதரின் எதிர்காலத்தை அந்தத் துயரங்களின் எண்ணிக்கையால் கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எழுதியிருப்பதைத் தெரபிஸ்ட் காட்டிய பிறகுதான் எழுந்தேன்.

கடைசியில் அதே 20 கேள்விப் படிவம். இந்த முறை 30-க்குக் கீழே. எல்லாம் போய்விடவில்லை. பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து படுப்பது இன்னமும் கஷ்டம். நான் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணனிடம் சொன்னபோது, "இப்ப எதுக்குடா இதெல்லாம்?" என்றார். வலித்தது. ஆனால் அதை வைத்து என்னைப் பற்றி நான் புதிதாக எந்த முடிவுக்கும் வரவில்லை.

போக நினைப்பவர்கள் முதல் அழைப்பிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: ட்ராமா சிகிச்சையில் தனிப் பயிற்சி உண்டா, நடந்ததை விவரமாகச் சொல்லியே ஆக வேண்டுமா? இரண்டாவதற்கு யோசிக்காமல் "ஆமாம்" என்று சொல்பவரானால், நானாக இருந்தால் வேறு ஒருவரைத் தேடுவேன்.