மாமியின் மூன்று மாதிரிகள்

பாலையூற்றில் எங்கள் வீட்டில் நானும் மாமியும் இடியப்பம் அவித்து, சொதியும் தேங்காய்ச் சம்பலும் சேர்த்து, அயலிலுள்ள விடுதி ஒன்றுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து வந்தோம். கடந்த ஆண்டு அங்கே தங்கியிருந்த மூவருக்கு அடுத்தடுத்து நெருப்புக் காய்ச்சல் வந்து, இரத்தத்தை வளர்த்துப் பார்த்ததில் தைபொயிட்டுக் கிருமி உறுதியானது. அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய் என்பதால் விசாரிக்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று கண்டு, எங்கள் வாசலுக்கு வந்தார்.

இடியப்பத்தை அவர் பெரிதாக விசாரிக்கவில்லை. ஆவியில் வேகும்போது கிருமி செத்துவிடும் என்றார். சம்பலை யார் குழைக்கிறார்கள், எதனால் குழைக்கிறார்கள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். மாமி வெறுங்கையால் குழைப்பார். அந்தக் கைப்பக்குவத்துக்காகவே ஆட்கள் எங்களிடம் வாங்கினார்கள்.

முன்பு நீண்ட காய்ச்சல் யாருக்காவது வந்ததா என்று கேட்டபோது, 2006இல் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் மூன்று கிழமை படுக்கையில் கிடந்ததை மாமி சொன்னார்.

"அது எப்பவோ போன காய்ச்சல், தம்பி. எனக்கு இப்ப ஒரு வருத்தமும் இல்லையே."

"வருத்தமில்லாத ஆளைத்தான் அம்மா தேடுறன்."

இந்தக் கிருமிக்கு மனித உடலைத் தவிர வேறு இருப்பிடம் இல்லை என்பதையும், நோய் தொற்றியவர்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேர் வரை, ஓராண்டு கடந்த பின்னும் அதைப் பித்தப்பையில் வைத்துக்கொண்டு சுகதேகியாக நடமாடக்கூடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். இரத்தம் எடுத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். பழைய தொற்றும் தடுப்பூசியும் அந்த முடிவைக் குழப்பிவிடும், மலத்தில் கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொருவரிடமிருந்தும் இரண்டு நாள் இடைவெளியில் மூன்று மாதிரிகள் தேவைப்பட்டன. மாமி அந்தச் சிறிய போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதை ஒரு துணிப்பைக்குள் வைத்து, அதற்கு மேல் ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் வைத்துத்தான் வீதியில் இறங்கினார்.

முதல் மாதிரியில் இருவருக்கும் கிருமி இல்லை என்று வந்தது. நான் விடுதிக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, மறுநாளே தொடங்குகிறோம் என்று சொல்லிவிட்டேன். பரிசோதகர் அதைத் தடுத்தபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. ஏனெனில் மாமியின் இரண்டாவது மாதிரியில் கிருமி வளர்ந்தது. பித்தநீரோடு அது குடலுக்குள் விட்டுவிட்டுத்தான் இறங்கும் என்றும், இறங்காத நாளில் எடுத்த மாதிரி சுத்தமாகத்தான் தெரியும் என்றும் வைத்தியர் விளக்கினார். ஸ்கேனில் பித்தப்பையில் கற்களும் இருந்தன. கிருமி ஒதுங்குவதற்கு அவை நல்ல இடமாம். என்னுடைய மூன்று மாதிரிகளிலும் ஒன்றுமில்லை.

நியூயோர்க்கில் சமையல் வேலை செய்த மேரி மாலன் என்ற பெண்ணின் கதையையும் வைத்தியரே சொன்னார். 1907இல் அவரைப் பிடித்துத் தீவொன்றில் அடைத்தார்கள், 1910இல் விட்டார்கள், 1915இல் வேறு பெயரில் மகப்பேற்று மருத்துவமனை ஒன்றில் சமைத்து, அங்கும் நோய் பரவியதால், 1938இல் இறக்கும்வரை மீண்டும் அதே தீவில் வைத்தார்கள். தனக்கு ஒரு நோயுமில்லை என்று அவர் கடைசிவரை சாதித்ததைக் கேட்டதும் மாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாளில் இல்லாத மருந்து நல்லவேளையாக எங்களுக்கு இருந்தது.

28 நாட்கள், நாளுக்கு இரண்டு வேளை, சிப்ரோபுளொக்சசின். பாலோடு எடுத்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது என்பதால் காலைப் பால்தேநீரைத் தள்ளிவைத்ததுதான் மாமிக்குப் பெரிய தண்டனை. கல் இருப்பதால் மாத்திரை தோற்கவும் கூடும், அப்படியானால் பித்தப்பையை அகற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மருந்தை விட ஊர்ப்பேச்சு கடினமாக இருந்தது. விஷயம் எப்படியோ வெளியே போய், வழக்கமாக வந்து தேநீர் குடிப்பவர்கள் படலைக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

மருந்து முடிந்து ஒரு மாதத்தின் பின் மீண்டும் மூன்று மாதிரிகள். முதல் இரண்டிலும் கிருமி இல்லை என்று வந்தபோது நான் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. மூன்றாவதை மாமியே கொண்டுபோனார், கீரைக்கட்டு இல்லாமல்.