திறப்பு யாருடைய கையில்?

போன மாசி மாதம் அம்மாவைக் கண் கிளினிக்குக்காகக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது கந்தளாய் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பின் சில்லில் காற்றுப் போய்விட்டது. இரவு எட்டு மணி இருக்கும். அந்த வீதியில் அந்த நேரம் யானை இறங்கும் என்பது திருகோணமலைக்காரர் எல்லோருக்கும் தெரியும். மருந்து விட்டதால் பார்வை மங்கிப்போன அம்மா, கண்ணாடியை இறக்காமல் உள்ளே இருந்தார்.

டயர் மாற்றுவது எனக்குப் பழக்கம்தான். அப்பா இருந்தபோதே பழக்கிவிட்டார். ஜக்கை எடுத்து வைத்துவிட்டு நட்டுகளை இளக்கத் தொடங்கினேன். நாலில் மூன்று இளகின. நாலாவதில் ஸ்பானர் பிடிக்கவே இல்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தால் அது ஆறு மூலை நட்டே இல்லை. வட்டத் தலை, அதன் நடுவில் பூவிதழ் மாதிரி வளைந்து வளைந்து ஓடும் ஒரு பள்ளம்.

மரக்கறி லொறி ஒன்று நின்றது. கிண்ணியாவைச் சேர்ந்தவர். குனிந்து பார்த்த உடனேயே, "தங்கச்சி, இது லொக் நட். திறப்பு இருக்கா?" என்று கேட்டார். டாஷ்போர்ட், சீட்டுக்கடி, ஸ்பெயார் டயர்ப் பள்ளம் எல்லாம் கிளறினோம். இல்லை. யப்பானில் யாரோ ஓடி, கப்பலில் வந்து, இங்கே இரண்டு பேர் கைமாறி என்னிடம் வந்த கார் அது. அந்தப் பள்ளத்தில் பொருந்தி நட்டைத் திருப்பும் அந்தச் சின்ன இரும்புத் துண்டு எந்த இடத்தில் தொலைந்ததோ!

அப்பாவின் கூட்டாளி ஒருவர் திருகோணமலை அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட நாற்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறார். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். போன் எடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அதுவரை லொறிக்காரர் லைட்டைப் போட்டுக்கொண்டு எங்களோடேயே நின்றார். நட்டின் தலையைவிட ஒரு மயிரிழை சின்னதான பழைய பன்னிரண்டு மூலைச் சொக்கட்டை எடுத்து, சுத்தியலால் அடித்து அடித்து அதன்மேல் ஏற்றி, நீளக் கம்பியைப் போட்டு மாமா திருப்பினார். கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு இளகியது. நட்டும் போய்விட்டது, சொக்கட்டும் போய்விட்டது. "பிள்ளை, மற்ற மூன்று சில்லிலும் இது இருக்கும். நாளைக்குக் கொண்டு வா" என்றார்.

அடுத்த நாள் கொழும்பில் அந்த வண்டிக் கொம்பனிக்காரருக்கு எடுத்துக் கேட்டேன். திறப்போடு வந்த அட்டையில் உள்ள இலக்கம் வேண்டுமாம். அட்டை இல்லை என்றேன். அப்படியென்றால் எங்களால் எதுவும் செய்ய இயலாது, நீங்கள் எங்களிடம் வாங்கிய வண்டியும் இல்லையே என்றார்கள். கதைத்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் கொழும்புக்கும் எங்களுக்கும் இடையில் 260 கிலோமீற்றர் கிடக்கிறது.

லொக் நட் மீது எனக்குக் கோபம் இல்லை. அலோய் சில்லைக் களவெடுக்காமல் இருக்க அது உதவும். திறப்பு வண்டிச் சொந்தக்காரரிடம்தான் கொடுக்கப்படுகிறது. தொலைத்தது எங்களில் யாரோ. எனக்குப் பயம் தந்தது வேறொன்று. 2025 டிசம்பரில் பிஎம்டபிள்யூ கொம்பனியின் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று பற்றிச் செய்தி வந்தது. ஸ்குரூவின் தலையே அவர்களுடைய சின்னம். வட்டத்தை நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு கால்வட்டங்களைப் பள்ளமாக்கி, அதில்தான் கருவி பிடிக்கும்படி வரைந்திருக்கிறார்கள். வழக்கமான கருவிகளால், அனுமதி இல்லாதவர்கள், கழற்றவோ பூட்டவோ முடியாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று அந்த விண்ணப்பத்திலேயே இருக்கிறது. விண்ணப்பம் போட்டதாலேயே அது வண்டியில் வந்துவிடும் என்று இல்லை. ஆனால் அந்த 'அனுமதி இல்லாதவர்கள்' என்ற சொல்லைப் படித்தபோது, இருட்டில் முழங்கால் மண்ணில் பட இருந்து சுத்தியல் அடித்த மாமாதான் என் கண்ணில் வந்தார். காசு கொடுத்து வாங்கிய நானும் அந்தக் கணக்கில்தான் வருவேன்.

களவுக்குப் பூட்டும் பூட்டின் திறப்பு வாங்கியவர் கையில். இந்தச் சின்ன ஸ்குரூவின் திறப்பு விற்றவர் கையிலேயே தங்கிவிடுகிறது. இரண்டையும் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் சொல்வது சரியில்லை.

மற்ற மூன்று நட்டையும் கழற்றப் போன அன்று இதை மாமாவிடம் சொன்னேன். அவர் மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். அவருடைய நாற்பது வருடமும் அதற்குள் கிடந்தது. முதலில் நேர்க்கோட்டு ஸ்குரூ, பிறகு கூட்டல் குறி மாதிரிப் பள்ளமுள்ள பிலிப்ஸ், ஆறு மூலைப் பள்ளத்துக்கான அலன் கீ, நட்சத்திரம் என்று அவர் சொல்லும் டோர்க்ஸ், நடுவில் ஊசி வைத்த டோர்க்ஸ். பழைய யப்பான் மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடியில் இருக்கும் ஸ்குரூ பார்வைக்குப் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அது யப்பான் அளவு. தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அதற்குரிய ட்றைவரைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் தலை உருண்டுவிடும். இதைப் பழகுவதற்குள் எத்தனை தலையை உருட்டினேன் தெரியுமா என்றார்.

புதுத் தலை வருவதெல்லாம் கெட்ட எண்ணத்தில் அல்ல என்பதையும் அவர்தான் சொன்னார். பிலிப்ஸ் தலையில் பலமாகத் திருப்பினால் ட்றைவர் மேலே எழும்பி வழுக்கும். 1967இல் அமெரிக்காவில் டோர்க்ஸ் வந்ததே அந்த வழுக்கலைப் போக்கத்தான். ஆரம்பத்தில் அதுவும் ஒரு கொம்பனியின் சொத்து. இன்று கண்டி வீதியில் எந்த ஹாட்வெயார் கடையிலும் ஒரு செட் வாங்கலாம். நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று செய்த தலை ஊருக்கெல்லாம் வந்து சேர்ந்தது. பிடிக்கக் கூடாது என்று செய்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு, உப்புக்காற்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வண்டி நிற்பாட்டுபவர்களுக்குத் தெரியும், அடிப்பக்கத்து நட்டு இரண்டு மாரியிலேயே துருவேறி இறுகிப் போகும். சாதாரண ஆறு மூலைத் தலையென்றால் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ரிங் ஸ்பானர் போட்டு, கடைசியில் சூடாக்கியாவது எடுக்கலாம். அந்தச் சின்னம் மாதிரியான அழகுப் பள்ளத்தில் துரு பிடித்தால் அதை என்ன செய்வது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதையும் நாங்கள் மறக்கவில்லை. சொந்த வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து வருடம் புது வண்டி இல்லை, சாமான் விலை எட்டாத உயரம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிய வானும், மூதூர்ப் பக்கம் நெல் ஏற்றிய லொறியும், நான் படிப்பிக்கப் போய்வந்த காரும் ஓடியது இப்படியான கராஜ்களால்தான். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து பாவித்த சாமானை எடுப்பித்து, பொருந்தாததை அராவிப் பொருத்தி ஓட வைத்தார்கள். அன்று ஒவ்வொரு ஸ்குரூவும் கொம்பனியின் அனுமதி கேட்டிருந்தால் பாதி வண்டி வேலிக்கரையில் நின்றிருக்கும்.

இதற்குச் சட்டம் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இலேயே மக்கள் வாக்களித்து, வண்டி திருத்தும் தகவல்களை வெளியார் கராஜ்களுக்கும் கொடுக்க வைத்தார்கள். பக்கத்து இந்தியாவில் 2014இல் போட்டி ஆணையம் 14 கார்க் கொம்பனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகத்தையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிக் கராஜ்களுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததுதான் குற்றம். அவுஸ்திரேலியாவிலும் 2022 ஜூலையிலிருந்து இந்தத் தகவல்களை நியாயமான விலைக்கு எல்லாக் கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும். இங்கேயும் வண்டியை இறக்கி விற்பவர் அதைத் திறக்கும் கருவியையும் கடையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ஒரு விதி வேண்டும். ஸ்குரூவுக்கு மட்டுமல்ல, கம்ப்யூட்டர் பூட்டுக்கும். இப்போது பல கார்களில் பின் பிரேக் பேட் மாற்றுவதற்கே வண்டிக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் போட வேண்டியிருக்கிறது.

அன்று மாமா இரண்டு நட்டைச் சொக்கட் அடித்தே எடுத்துவிட்டார். மூன்றாவது இறுகி நின்றது. அதன்மேல் சாதாரண நட்டு ஒன்றை வெல்டிங் பிடித்து, சில்லில் பொறி படாமல் ஈரச் சாக்கால் மூடி, ஆறவிட்டுத் திருப்பினார். நாலுக்கும் ஆறு மூலை நட்டுப் போட்டார். கெட்டுப்போன சொக்கட்டுக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

பக்கத்து வீட்டுத் தம்பி போன கிழமை கொழும்புக்குப் போனான். அவனிடம் சொல்லி ஒரு பன்னிரண்டு மூலைச் சொக்கட் செட் எடுப்பித்து நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நம்பரை எடுத்து, வாசலில் நின்ற வானின் சில்லு நட்டில் போட்டுப் பார்த்தார், ஆட்டம் இருக்கிறதா என்று.