சென்ஜியாகோ: தாய்ச்சி பிறந்த ஊர்

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். சீனாவின் வென் மாவட்டத் தலைநகரிலிருந்து சென்ஜியாகோ கிராமத்துக்குச் சில கிலோமீட்டர்தான். 20 யுவானுக்கு ஒப்புக்கொண்ட ஓட்டுநர், ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு 60 கேட்டார். பெட்டியை இறக்கவே விடவில்லை. வாக்குவாதம் செய்து 40 கொடுத்துத் தொலைத்தேன். வயிறாரச் சாப்பிட வேண்டிய காசு! செயலியில் வண்டி பிடியுங்கள். கட்டணம் முன்பே தெரிந்துவிடும்.

ஊருக்குள் நுழைந்ததும் கோபம் பறந்துவிட்டது. ஹெனான் மாகாணத்தில், மஞ்சள் நதிக்கு வடக்கே இருக்கும் இந்தக் கிராமத்தைத்தான் சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சியின் பிறப்பிடமாகப் போற்றுகிறார்கள். சென் ஊர்த் தண்ணீர் குடித்தவனுக்கெல்லாம் கால் வீசி உதைக்கத் தெரியும் என்பது இங்கே பழமொழி. விடிந்தால் பாட்டிமாரும் பள்ளிப் பிள்ளைகளும் முற்றத்தில் நிற்கிறார்கள். பயிற்சி முடிந்த கையோடு வயலுக்கோ கடைக்கோ போகிறார்கள்.

மிங் ஆட்சி 1644-இல் கவிழ்ந்தபின் ஊரோடு ஒதுங்கிய படைவீரர் சென் வாங்திங் தொகுத்த கலை இது என்கிறார்கள். பிற்காலத்தில் ஹெபெய் மாகாணத்திலிருந்து வந்த யாங் லூசான், இந்த ஊர் ஆசான் சென் சாங்சிங்கிடம் கற்று பெய்ஜிங்கில் பரப்பினார். உலகெங்கும் பூங்காக்களில் மெதுவாகக் கையசைப்பவர்கள் பெரும்பாலும் அந்த யாங் வழியினர். இந்த ஊரிலேயே கலை தேய்ந்துபோன காலமும் உண்டு. 1958-இல் ஊர் திரும்பிய முதியவர் சென் ஜாவோபி, மாவோ காலத்துப் பண்பாட்டுப் புரட்சியின் அவமானங்களையும் தாங்கிக்கொண்டு இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். என்னைக் கேட்டால் வாங்திங்கைவிட இவருக்குத்தான் பெரிய சிலை வேண்டும். யுனெஸ்கோ 2020-இல்தான் தாய்ச்சியைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு பெரியவர் தள்ளுகைப் பயிற்சிக்கு என்னை அழைத்தார். மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி வட்டமாகச் சுற்ற வேண்டும். என் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினேன். அவர் தோள் அசையவில்லை. இடுப்பு மட்டும் விரற்கடை அளவு திரும்பியது. அடுத்த நொடி மூன்றடி தள்ளி நின்றேன். பாதத்தில் பிறக்கும் விசை, கூட்டிலிருந்து பட்டுநூல் உருவுவதுபோல் முறுக்கிக்கொண்டு விரல்நுனிக்கு வருகிறதாம். அதை என் மணிக்கட்டில் உணர்ந்தேன். படித்துத் தெரிந்துகொள்ளவே முடியாத விஷயம்!

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். வென் மாவட்டத்து மெல்லிய வள்ளிக்கிழங்கு சீனா முழுக்கப் பிரசித்தம்: ஆவியில் வேகவைத்தால் மாவாக உதிர்கிறது. காலையில் மிளகுக் காரம் ஏறும் ஹூலாதாங் சூப்பும் மலிவுதான். தங்குவதற்குப் பயிற்சிப் பள்ளிகளின் விடுதிகளை முதலில் விசாரியுங்கள். ஒரே நாளில் பார்த்துவிட்டு ஓடுவது வீண். குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள்.