நடைபாதை யாருடையது என்று தேடிப்போன கதை

ஒரு ரோட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. மனு எழுதுவதெல்லாம் சின்ன வேலை.

எங்களுடையது பெருந்துறைப் பக்கம் ஒரு சிறிய டவுன். எனக்குப் பார்வை முழுவதுமாக இல்லை. அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்குப் பத்து நிமிட நடை. அதற்குள் மூடியில்லாத சாக்கடை, நடைபாதைக்குக் குறுக்கே மின்கம்பத்தின் ஸ்டே கம்பி, பேக்கரி போர்டு, வரிசையாக பைக்குகள். வெள்ளைக்கோல் கீழே கிடப்பதைத்தான் சொல்லும். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் கூரையை நெற்றிதான் கண்டுபிடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போனேன். வாசலில் மனு எழுதித் தருபவர், “கொஞ்சம் உருக்கமா எழுதிப்போட்டா சீக்கிரம் நடக்குமுங்க சார்” என்றார். வேண்டாம் என்றேன். ‘கருணை கூர்ந்து’ என்று ஆரம்பிக்கும் மனுவுக்குக் கருணைதான் பதிலாக வரும். உள்ளே மேசையில் இருந்தவர் நான் உதவித்தொகை கேட்டு வந்திருப்பதாகவே நினைத்துப் பேசினார். சாக்கடைக்கு மூடி வேண்டும் என்றதும் அவரிடமிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. ரோடு நெடுஞ்சாலைக்காரர்களுடையது என்றது ஓர் அலுவலகம். சாக்கடை உள்ளாட்சிக்குப் போய்விட்டது என்றது இன்னொன்று. கம்பம் மின்சாரக்காரர்களுடையதாம். பேக்கரி போர்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ‘தங்கள் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற வரி மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது.

இதை உடைத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். அதனால் ஆவணமாகக் கேட்டேன்: இந்த ரோடு எந்த அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது, சாக்கடையை ஒப்படைத்த கடிதத்தின் நகல், நடைபாதை போட்ட எஸ்டிமேட். எஸ்டிமேட்டைச் சக ஆசிரியர் வாசித்துக் காட்டியபோது சிரிப்பு வந்துவிட்டது. எங்களைப் போன்றவர்கள் காலாலும் கோலாலும் தடவி வழி தெரிந்துகொள்ளும் தடவுணர் ஓடுகள் அதிலேயே இருந்தன, ரோட்டிலும் பதித்திருந்தார்கள். 1967-இல் ஜப்பானின் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்த அதே ஓடு. நீளக்கோடு இருந்தால் போகலாம், புள்ளி இருந்தால் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் நீளக்கோடு நேராக ஸ்டே கம்பிக்கே கூட்டிக்கொண்டு போனது. புள்ளி ஓடுகளை அழகுக்காக எல்லா இடத்திலும் போட்டிருந்தார்கள். நம்பி நடந்தால் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்த மனு சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 41-வது பிரிவு, நாங்கள் போய்வரத் தகுந்த சாலைகளைப் பற்றிப் பேசுகிறது. எனக்கு அதைவிட உதவியது 81-வது பிரிவு. ஆணையர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் செய்ததைச் சொல்ல வேண்டும். ஏற்க முடியாது என்றால் காரணத்தை ஆணையருக்கும் மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். ‘இதெல்லாம் வெறும் வழிகாட்டுதல்தானே’ என்று ஒரு பொறியாளர் போனில் சொன்னதற்குப் பதிலாக, 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இணைத்தேன். மாற்றுத்திறனாளிகள் புழங்க ஏற்றபடி இடங்கள் இருப்பதற்கான அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவிட முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று அதில் இருக்கிறது.

அப்புறம்தான் கூட்டு ஆய்வு நடந்தது. எல்லா அலுவலகமும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்ததால் அடுத்தவரைக் கை காட்ட வழியில்லாமல் போய்விட்டது. தனித்தனியாக வந்திருந்தால் பழைய கதைதான். பேக்கரிக்காரர் வெளியே வந்து, “ஏனுங் வாத்தியாரே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எடுத்து வெச்சிருப்பேனுங்களே” என்று கோபித்துக்கொண்டார். அன்றே எடுத்தும் வைத்தார். தீபாவளி வியாபாரத்துக்கு போர்டு திரும்ப வெளியே வந்துவிட்டது என்பது வேறு.

சாக்கடைக்குச் சிமெண்ட் பலகை வந்தது. ஸ்டே கம்பி நகர்ந்தது. பள்ளி வாசல் வரை ஓடுகளைப் பெயர்த்து ஒழுங்காகப் பதித்தார்கள். ரோட்டைக் கடக்க நான் கேட்டிருந்த ஒலி எழுப்பும் சிக்னல் கிடைக்கவில்லை. போக்குவரத்து குறைவு என்று காரணம் எழுதி வந்தது. அதற்குப் பதிலாகக் கடக்கும் இடத்தில் வேகத்தடை போட்டிருக்கிறார்கள். லாரி அதில் ஏறி இறங்கும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. மின்சார ஸ்கூட்டர்தான் தொல்லை, பக்கத்தில் வந்தாலும் தெரிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து புதிதாக வரும் எல்லா மின்சாரக் கார்களும் மெதுவாகப் போகும்போது ஒலி எழுப்பியாக வேண்டும். இங்கே அதை டெல்லியில்தான் கேட்க வேண்டும், கலெக்டர் ஆபீஸில் கேட்டுப் பயனில்லை.

மனு போடப்போகிறவர்களுக்கு ஒன்று. பதில்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படமாக வருகின்றன, அதில் எழுத்தைப் படித்துச் சொல்லும் என் போனின் திரைவாசிப்பான் பாதியை முழுங்கிவிடுகிறது. அதனால் ‘பதிலை யூனிகோட் எழுத்தில் மின்னஞ்சலில் அனுப்பவும்’ என்று மனுவின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். எனக்கு இதுவரை ஒரே ஓர் அலுவலகம்தான் அப்படி அனுப்பியிருக்கிறது.