கதவுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்

1960-களின் பந்தயக் காரான ஃபோர்டு ஜி.டி.40-இன் கதவைத் திறந்தால் கூரையின் ஒரு பகுதியும் கூடவே வந்துவிடும். வண்டியின் மொத்த உயரமே 40.5 அங்குலம், என் இடுப்பளவுதான். அவ்வளவு தாழ்ந்த வண்டிக்குள் சாதாரணக் கதவு வழியாக ஹெல்மெட்டோடு ஒரு ஆள் நுழைய முடியாது. அதனால் கூரையையும் வெட்டிக் கதவோடு சேர்த்துவிட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகு. பொருத்துகிறவனுக்கு மொத்த வேலையும் அந்த வெட்டில்தான் இருக்கிறது.

புதுச்சேரி தேங்காய்த்திட்டுப் பக்கம் எங்கள் பட்டறையில் இப்போது நிற்பது அந்தக் காரின் நகல். எஃகுக் குழாயில் வெல்டிங் செய்த சேசிஸ், மேலே முழுக்க ஃபைபர் பாடி. ரோட்டில் ஓட்ட இல்லை, டிராக்கில் ஓட்டுவதற்காக ஒருவர் ஆசை ஆசையாகக் கட்டச் சொல்லியிருக்கிறார். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் வேறு ஆள் பொறுப்பு. பாடியும் கதவும் என் கையில்.

பாடி வந்து இறங்கியபோது இடது கதவும் வலது கதவும் ஒரே அளவில் இல்லை. ஃபைபரில் இது நடக்கிறதுதான். மோல்டிலிருந்து சீக்கிரம் பிரித்தால் ஓரங்கள் கோணும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் கடலூர் முதுநகரிலிருந்து மாமாவை வரச் சொன்னேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகு பெருகியபோது அந்த வேலையில் இறங்கியவர் அவர். ரெசின் என்கிற பிசினும், அதில் நனைத்து ஒட்டுகிற கண்ணாடி இழை விரிப்பான மேட்டும் அவருக்கு அத்துப்படி. கதவைக் கையில் தூக்கி நகத்தால் ஓரத்தைத் தட்டினார். அப்புறம் உள்பக்கம் மூக்கை வைத்து முகர்ந்தார்.

"வாடை இன்னும் போகல மாப்ள. அடங்கட்டும். இப்பவே அறுத்தா இன்னைக்கு ஒரு அளவு, அடுத்த மாசம் ஒரு அளவு நிக்கும்."

அது நூற்றுக்கு நூறு சரி. ரெசின் கையில் ஒட்டாமல் ஆகிவிட்டால் இறுகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாலியெஸ்டர் ரெசின் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே இருக்கும், சுருங்கிக்கொண்டும் இருக்கும். ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் வாடை வருகிற வரைக்கும் அது முடியவில்லை என்று அர்த்தம். நம் ஊர் வெயில் இதற்கு நல்ல மருந்து. கதவுகளைச் சேசிஸில் தளர்வாக மாட்டி, அதன் வடிவத்திலேயே நிற்க வைத்து வெயில் காட்டினோம். தனியாகச் சுவரில் சாய்த்து வைத்தால் சாய்ந்த வடிவத்திலேயே இறுகிவிடும்.

அடுத்தது வண்டியை நிற்க வைக்கிற விதம். ஸ்டாண்டில் ஏற்றி வைத்துக் கதவு பொருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ் ஏற்றி, சீட்டில் ஆள் எடைக்கு மணல் மூட்டை வைத்து, நாலு டயரும் தரையில் பட நிறுத்திவிட்டுத்தான் கீலைத் தொட வேண்டும். எடை ஏறியதும் சேசிஸ் கொஞ்சமாவது வளையும். அந்த வளைவு கதவு இடுக்கில்தான் முதலில் தெரியும்.

கீல் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். மேல் கீல், கீழ் கீல் இரண்டின் துளையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது. நீளமான ஒரே கம்பியை இரண்டு துளையிலும் விட்டு, கம்பி தானாகச் சுழல்கிறதா என்று பார்த்த பிறகுதான் டாக் அடிக்கிறோம், அதாவது புள்ளி புள்ளியாக வெல்டிங் வைக்கிறோம். கோடு கொஞ்சம் பிசகினாலும் கதவு திறக்கும்போது முறுக்கிக்கொள்ளும். சாதாரணக் கதவில் அது வெறும் சத்தம். இதில் கூரைத் துண்டும் சேர்ந்து வருவதால் அதன் மூலை பாடியில் உரசிப் பெயின்டைச் சுரண்டிவிடும். கடற்கரை ஊர் என்பதால் கீல், போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ். உப்புக்காற்று சாதாரண எஃகை விட்டுவைக்காது.

இனி கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கு. பெயின்டுக்கு முன்னால் ஒன்றரை நூல் வைக்கிறேன், அதாவது 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிரைமரும் பெயின்டும் இரண்டு பக்கமும் ஏறிக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சுற்றிலும் ஒரே சீராக வர, ரப்பர் ஷீட்டை ஒன்றரை நூல் தடிமனில் பட்டையாக வெட்டிக் கதவின் ஓரம் முழுக்க ஒட்டுகிறோம். அதன் மேல் பிரவுன் டேப், அதற்கு மேல் மெழுகு. கதவை மூடி லாக் செய்துவிட்டு, பாடிப் பக்கம் ஃபைபர் இழை கலந்த பட்டியை ரப்பரை ஒட்டி அடைக்கிறோம். பட்டி கல்லாக இறுகும் வரை காத்திருக்கக் கூடாது. ரப்பர் பதத்தில் இருக்கும்போதே பிதுங்கியதைக் கத்தியால் சீவினால் வெண்ணெய் மாதிரி வரும். இறுகியதும் கதவைத் திறந்து பட்டையை உரித்தால் கூரை வளைவிலும் கீழ் ஓரத்திலும் ஒரே இடுக்கு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச் வைத்து வெளியிலிருந்து பார்க்கிறோம். பகலில் கண்ணுக்குத் தப்பிய மேடு பள்ளம் எல்லாம் வெளிச்சக் கோட்டில் தெரிந்துவிடும்.

கதவைச் சுற்றி வருகிற பீடிங் ரப்பரை மாட்டிய பிறகுதான் லாக் இடத்தை முடிவு செய்ய வேண்டும். ரப்பர் கதவை வெளியே தள்ளும். கூரை மூலை லாக்கிலிருந்து வெகு தூரம், அங்கே தள்ளினால் பிடிக்க ஆளில்லை. வேகம் கூடக் கூடக் கூரைக்கு மேல் காற்றழுத்தம் குறைந்து அந்த மூலை மேலே இழுபடும். அதற்காக மாமா படகுக்குள் வைக்கிற மாதிரியே கதவின் உள்பக்கம் ஒரு விலா வைத்து மேட் ஒட்டிக் கொடுத்தார். இப்போது கையால் அழுத்தினாலும் அசையவில்லை.

வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "புதுக் கார் ஷோரூம்ல இருக்கிற மாதிரி இடுக்கு வேணும், முடியுமா?" என்று கேட்டார். முடியும் சார், ஆனால் அது இரண்டாவது வேலை என்றேன். பிரான்ஸில் நடக்கிற 24 மணி நேர லெமான் பந்தயத்தில் அந்தக் காலத்தில் டிரைவர்கள் எதிர்ப்பக்கம் நின்று, கொடி அசைந்ததும் ஓடிவந்து கதவைத் திறந்து ஏறிக் கிளம்புவார்கள். 1966-இல் ஃபோர்டு முதல் மூன்று இடத்தையும் பிடித்த அதே பந்தயத்தில், ஃபோர்டு டிரைவர் கென் மைல்ஸ் கதவு சரியாக மூடாமல் முதல் சுற்று முடிந்ததுமே வண்டியைச் சரிசெய்கிற பிட்டுக்குள் வந்தார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். 1969-இல் ஜாக்கி இக்ஸ் என்ற டிரைவர் அந்த ஓட்டத்தை எதிர்த்து மெதுவாக நடந்தே போய், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கடைசியாகக் கிளம்பி, இதே ஜி.டி.40-இல் ஜெயித்தார். அடுத்த வருஷத்திலிருந்து அந்த ஓட்டமே இல்லை.

அதனால் என் கணக்கில் பந்தயக் காரின் கதவு முதலில் ஒற்றைக் கையால் சட்டென்று திறக்க வேண்டும், ஒரே தட்டில் மூட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவன் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் பிடி கையில் கிடைக்க வேண்டும். அழகான இடுக்கும் வேண்டும்தான், நானே அதற்காக ராத்திரியில் டார்ச் பிடிக்கிறவன். ஆனால் இடுக்கைக் குறைக்கப் போய் கதவு இறுகினால் அதை நான் செய்ய மாட்டேன். அவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஏறி இறங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஷோரூம் பேச்சு எடுக்கவில்லை.

கதவு இரண்டும் நின்ற பிறகுதான் முன் மூடியும் பின் மூடியும். முன்னது மூக்குப் பக்கம் கீல் வைத்து முன்னால் கவிழும், பின்னது வால் பக்கம் கவிழும். இரண்டும் கதவின் கோட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும், அவற்றுக்காகக் கதவை நகர்த்தக் கூடாது. முன்னால் உள்ள பேனலை விடப் பின்னால் உள்ளது மயிரிழை உள்ளடங்கி இருந்தால் காற்று ஓரத்தில் முட்டாது. முன் மூடி முடிந்துவிட்டது. பின் மூடியில் இடது பக்கம் அரை நூல் துருத்துகிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும்.