முதல் அறையைத் திறந்த நாள்

நாகப்பட்டினம் கடற்கரையில் எங்கள் ஊர். 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் புது வீட்டோடு கழிப்பறையும் கட்டிக் கொடுத்தது. ஐந்து சிமெண்ட் உறை இறக்கிய குழி, மேலே பீங்கான். கட்டியது சித்திரை, வைகாசி வெயிலில். ஐப்பசி மழை பிடித்ததும் நிலத்தடி நீர் ஏறிக் குழியெல்லாம் நிரம்பிவிட்டது. ஊற்றுகிற தண்ணீர் உள்ளே போகாமல் திரும்பி வரும். பத்தடி தள்ளித்தான் அடிபம்பு. அந்த மழையில் என் சின்ன மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. தை பிறப்பதற்குள் பாதி வீடுகளில் கழிப்பறைக்குள் சவுக்கு விறகு அடுக்கிவிட்டார்கள். கட்டிக் கொடுத்தவர்கள் அதற்குள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

2008இல் வேறொரு தொண்டு நிறுவனம் மகளிர் குழுவுக்கு வந்தபோது நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களும் எதையும் கட்டித் தருவதாகச் சொல்லவில்லை. பதினைந்து பேரை வேனில் முசிறிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே காவிரிக் கரை, தண்ணீர் மேலேயே நிற்கிற மண். மலத்தைக் காயவைத்து உரமாக்குகிற ‘ஈக்கோசான்’ கழிப்பறையைப் பயன்படுத்தும் பெண்களிடம் எங்களைத் தனியாக விட்டுவிட்டார்கள். நாற்றம் வருமா, மாதவிலக்கு நாளில் என்ன செய்வது என்றெல்லாம் ஒரு அதிகாரியிடம் நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம்.

இதில் குழியே கிடையாது. தரைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அறை. மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு முன்பக்கம் தனி வழி, கழுவுவதற்குத் தனி இடம். கழுவிய தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகும். போய்விட்டு ஒரு கை சாம்பல் போட்டு மூட வேண்டும். ஒரு அறை நிரம்பினால் அதை அடைத்துவிட்டு மற்றதுக்கு மாற வேண்டும்.

வீட்டுக்கு 1,500 ரூபாய் பங்கு, மணல் சல்லி சுமக்கும் வேலையும் எங்களுடையது. மாமனாருக்கு அதில் கோபம். ஆனால் எங்கள் ஊர்க் கொத்தனார் இரண்டு பேருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்து அவர்களை வைத்தே கட்டினார்கள். பிறகு ஒரு மூடி உடைந்தபோது மறுநாளே சரியாகிவிட்டது.

முதல் மூன்று மாதம்தான் பெரிய பாடு. விருந்தாளி வருவார்கள், பழக்கத்தில் எல்லாவற்றிலும் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். நிறுவனத்துப் பெண் ஒருத்தி வாரா வாரம் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். “அக்கா, உள்ளே ஈரம் இருக்கு. இன்னும் ரெண்டு கை சாம்பல் போடுங்க” என்பாள். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு மழைக்காலம் எங்களோடு இருந்தாள். கட்டுமானத்துக்கு ஆன செலவைவிட அவளுக்குக் கொடுத்த சம்பளம்தான் எங்களுக்குக் கிடைத்த உண்மையான உதவி என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். முதல் அறை நிரம்பப் பதினோரு மாதம் ஆனது. அப்புறம் ஒரு வருஷம் மூடியே வைத்தோம். திறக்கிற அன்றைக்கு மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். பின்பக்கப் பலகையைக் கொத்தனார் பெயர்த்ததும், கையுறை போட்டுக்கொண்டு மண்வெட்டியால் இழுத்தேன். சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று சரிந்தது. வாடையே இல்லை. மாமியார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். “மண்ணுதான்டி இது” என்றார். அவரே கோணியைப் பிரித்துப் பிடிக்க, மூன்று மூட்டை அள்ளித் தென்னைக்குப் போட்டோம்.

யாரும் யோசிக்காமல் விட்டது சாம்பலைத்தான். காஸ் அடுப்பு வந்ததும் வீட்டில் சாம்பல் விழுவது குறைந்து, சிலர் போடாமலே விட்டுவிட்டார்கள். ஈ மொய்க்க ஆரம்பித்ததும் குழுவில் பேசினோம். மாதம் வீட்டுக்கு 20 ரூபாய். விறகு அடுப்பு வைத்திருக்கும் டீக்கடையில் வாரம் இரண்டு கோணி சாம்பல் எடுத்து, சலித்து, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலந்து பிரித்துக்கொள்கிறோம். சனிக்கிழமை சலிக்கிற முறை இந்த மாதம் என்னுடையது.